ஒரே காற்றில் பல வலையமைப்புகள்: வைஃபை முதல் பிரைவேட் 5ஜி வரை எது ஏன் ஜெயித்தது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அலுவலகம், குடோன், ஆலை, மருத்துவமனை என்று எங்கே கம்பியில்லா வலையமைப்பு பற்றிப் பேச்சு எடுத்தாலும் ஏறக்குறைய இதே கேள்விகள்தான் வருகின்றன. வாங்குபவர்களுக்கும், அவர்களுக்கு யோசனை சொல்ல வேண்டிய ஐடி ஆட்களுக்கும் பயன்படட்டும் என்று பதில்களை ஒரே இடத்தில் எழுதியிருக்கிறேன். பழைய கதைகள் சற்று அதிகமாகவே இருக்கும். எந்தத் தொழில்நுட்பம் நிலைக்கும் என்பதை விற்பனைக் கையேட்டைவிட அந்தக் கதைகள் தெளிவாகச் சொல்லும் என்று நம்புகிறேன்.

வைஃபை, புளூடூத், ஜிக்பீ எல்லாம் 2.4 கிகாஹெர்ட்ஸில்தானே ஓடுகின்றன, மோதிக்கொள்ளாதா?

மோதும். மோதலைக் குறைக்க ஒவ்வொன்றும் ஒரு வழி வைத்திருக்கிறது. (ஜிக்பீ என்பது சென்சார், விளக்கு போன்ற சிறு கருவிகளுக்கான வலையமைப்பு.)

வைஃபை பேசுவதற்கு முன் கேட்கும். சேனலில் வேறு கருவி அனுப்பிக்கொண்டிருந்தால் காத்திருக்கும். அது முடிந்ததும் ஏதோ ஒரு சிறு இடைவெளி விட்டு, அப்புறம்தான் தன் பங்கை அனுப்பும். ஒரு வண்டி மட்டுமே போகக்கூடிய குறுகிய பாலத்தில் எதிர்ப்பக்கம் பார்த்து வண்டியை விடுவது மாதிரி. இதில் ஒரு நுணுக்கம் உண்டு. எதிரே இருப்பது இன்னொரு வைஃபை கருவி என்றால், அதன் சிக்னல் மைனஸ் 82 டிபிஎம் (சிக்னல் பலத்தின் அளவு; பூஜ்யத்துக்கு எவ்வளவு கீழேயோ அவ்வளவு மெலிது) அளவுக்கு மெலிதாக இருந்தாலும் வைஃபை ஒதுங்கிவிடும். இனம் தெரியாத சிக்னல் என்றால் மைனஸ் 62 டிபிஎம் பலத்தோடு வந்தால்தான் ஒதுங்கும். இரண்டுக்கும் நடுவே 20 டெசிபெல், அதாவது திறனில் 100 மடங்கு வித்தியாசம். தன் இனத்துக்குக் காட்டும் மரியாதையை மற்றவற்றுக்கு வைஃபை காட்டுவதில்லை. பின்னால் 4ஜி மொபைல் தொழில்நுட்பமான எல்டிஇயோடு வந்த தகராறு இந்த எண்களைச் சுற்றித்தான் நடந்தது.

புளூடூத் வேறு வழியில் போகிறது. 79 குட்டிச் சேனல்களுக்குள் விநாடிக்கு 1,600 முறை தாவிக்கொண்டே இருக்கும். ஆரம்பத்தில் கண்ணை மூடிக்கொண்டு தாவியது. வைஃபை சேனல் ஒன்று ஏறத்தாழ 20 மெகாஹெர்ட்ஸ் அகலம் என்பதால், நாலில் ஒரு தாவல் அதன் மேலேயே விழுந்தது. 2003இல் வந்த புளூடூத் 1.2 இதைச் சரிசெய்தது. எந்தச் சேனல்களில் இடையூறு இருக்கிறது என்று கவனித்து அவற்றை விட்டுவிட்டு மற்றவற்றில் மட்டும் தாவும் முறை அதில் சேர்ந்தது. அதற்கு முன்பே அமெரிக்காவில் விதியையும் தளர்த்தியிருந்தார்கள். பழைய விதிப்படி எல்லாச் சேனல்களிலும் தாவியே ஆக வேண்டியிருந்தது.

குறைந்த மின்சக்தியில் ஓடும் புளூடூத் எல்இ வந்தபோது, அமைத்தவர்கள் இன்னும் யோசித்துச் செய்தார்கள். தன்னை அறிவிக்க அது பயன்படுத்தும் மூன்று சேனல்களும் 2402, 2426, 2480 மெகாஹெர்ட்ஸில் இருக்கின்றன. வைஃபையின் 1, 6, 11 சேனல்கள் விட்டுவைத்த இடைவெளிகள் அவை. பக்கத்து வீட்டுக்காரர் எங்கே இருக்கிறார் என்று தெரிந்துகொண்டு கட்டிய வீடு என்றே இதைச் சொல்வேன்.

ஜிக்பீக்கு 16 சேனல்கள். வைஃபை 1, 6, 11இல் ஓடும் இடத்தில் ஜிக்பீயை 25 அல்லது 26இல் வைத்தால் பெரும்பாலும் தொல்லை இருக்காது.

இந்த அலைக்கற்றையை ஏன் உரிமம் இல்லாமல் விட்டார்கள்?

1985இல் அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையமான எஃப்சிசி, 900 மெகாஹெர்ட்ஸ், 2.4 கிகாஹெர்ட்ஸ், 5.8 கிகாஹெர்ட்ஸ் பக்கம் இருந்த மூன்று துண்டுகளைத் திறந்துவிட்டது. அங்கே பொறியாளராக இருந்த மைக்கேல் மார்கஸ் இதற்காக முன்னின்றார். அந்தத் துண்டுகளை வேறு யாரும் விரும்பவில்லை. தொழிற்சாலைச் சூடேற்றிகளும் மைக்ரோவேவ் அடுப்புகளும் அங்கே ஏற்கெனவே இரைச்சல் போட்டுக்கொண்டிருந்தன. விதி எளியது: வருகிற இடையூறைப் பொறுத்துக்கொள், உரிமம் பெற்றவருக்கு இடையூறு செய்யாதே.

இந்தியாவில் 2.4 கிகாஹெர்ட்ஸ் 2005இல் பரவலாகத் திறக்கப்பட்டது. 5 கிகாஹெர்ட்ஸில் 605 மெகாஹெர்ட்ஸ் முழுதாகக் கிடைத்தது 2018 அக்டோபரில்தான்.

வைஃபை எப்படி ஜெயித்தது? அதைவிட நல்ல தொழில்நுட்பம் எதுவும் இல்லையா?

இருந்தது என்று அந்தக் காலத்தில் பலரும் நம்பினார்கள். கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

கம்பியில்லா வலையமைப்பை முதலில் கேட்டது அலுவலகம் இல்லை, கடை. பெரிய பல்பொருள் அங்காடிகளில் பில் போடும் இயந்திரங்களை அடிக்கடி இடம் மாற்ற வேண்டியிருந்தது; ஒவ்வொரு தடவையும் கேபிளைப் பிடுங்கி மறுபடி இழுப்பது பெருஞ்செலவு. பில் இயந்திரம் செய்த என்சிஆர் நிறுவனம் தன் நெதர்லாந்துக் கிளையில் வேவ்லேன் என்ற கருவியை உருவாக்கியது. குடோன்களில் பார்கோடு ஸ்கேனர் விற்ற சிம்பல் டெக்னாலஜீஸ் போன்றவர்களும் தங்கள் தங்கள் வழியில் கருவிகள் செய்தார்கள். ஒருவர் கருவி மற்றவர் கருவியோடு பேசாது. பொறியாளர்களின் தரநிலை அமைப்பான ஐஇஇஇயில் கம்பியில்லா வலையமைப்புக்கான 802.11 குழு அமைந்து, என்சிஆரைச் சேர்ந்த விக் ஹேய்ஸ் தலைமையில் பல ஆண்டுகள் கூடிப் பேசி, 1997இல் தரநிலை வந்தது. வேகம் விநாடிக்கு 2 மெகாபிட் வரை. அதில் சேனல் தாவும் முறை, சிக்னலை அகலமாகப் பரப்பும் முறை, அகச்சிவப்பு என்று மூன்று வழிகளையும் சேர்த்துவிட்டார்கள். விளைவாக, இரண்டு நிறுவனங்கள் 'நாங்கள் தரநிலைப்படி செய்தோம்' என்று உண்மையாகவே சொல்லிவிட்டு, ஒன்றோடொன்று பேசாத கருவிகளை விற்க முடிந்தது.

1999இல் 11 மெகாபிட் வேகமுள்ள 802.11பி வந்தது. அதே ஆண்டில் லூசென்ட், 3காம், நோக்கியா, சிம்பல், ஏரோநெட், ஹாரிஸ் சேர்ந்து வீகா என்ற கூட்டமைப்பைத் தொடங்கின. பிற்பாடு வைஃபை அலையன்ஸ் ஆனது அதுதான். அவர்கள் எடுத்துக்கொண்ட வேலை ஒன்றே: ஒரு நிறுவனத்தின் கருவி மற்றொன்றின் கருவியோடு பேசுகிறதா என்று சோதித்துச் சான்று கொடுப்பது. என் கணிப்பில் வைஃபையின் வெற்றிக்கு 11 மெகாபிட்டைவிட இந்தச் சான்றுதான் அதிகம் உதவியது. கொள்முதல் அதிகாரிக்கு வேகத்தைவிடப் பெரிய பயம் ஒன்று உண்டு: இன்றைக்கு வாங்கிவிட்டால் நாளைக்கு இவரையே நம்பியிருக்க வேண்டுமா? வைஃபை முத்திரை அந்தப் பயத்தைப் போக்கியது.

எதிரே நின்றது ஹோம்ஆர்எஃப் என்ற வீட்டு வலையமைப்பு. 1998இல் தொடங்கியது, இன்டெல், காம்பாக், ஹெச்பி, ஐபிஎம், மைக்ரோசாஃப்ட் என்று பெரிய பெயர்கள் பின்னால் இருந்தன. ஒரே கருவியில் தரவும், கம்பியில்லாத் தொலைபேசிக் குரலும் போகும். குரல் தெளிவில் அது அன்றைய வைஃபையைவிட மேல்தான். ஆனால் வேகம் 1.6 மெகாபிட். 10 மெகாபிட்டுக்கு ஏற எஃப்சிசி விதியை மாற்ற வேண்டியிருந்தது. வைஃபை அணி எதிர்த்தது. 2000 ஆகஸ்டில் அனுமதி கிடைத்தது. கருவிகள் 2001இல் வருவதற்குள் களம் கைமாறிவிட்டது. 1999 ஜூலையில் ஆப்பிள் தன் ஐபுக் மடிக்கணினியோடு 802.11பி அடிப்படையிலான ஏர்போர்ட்டை வெளியிட்டிருந்தது: மடிக்கணினிக்குள் போகும் அட்டை 99 டாலர், சிக்னல் தரும் நிலையம் 299 டாலர். அலுவலகத்துக்கென்று விற்ற கருவிகளின் விலை அதற்குமுன் பல மடங்கு. அலுவலகத்தில் வைஃபை பழகியவர் வீட்டுக்கும் அதையே கேட்டார். 2001இல் இன்டெல்லே தன் வீட்டுக் கருவிகளை வைஃபைக்கு மாற்றியது. 2003 ஜனவரியில் ஹோம்ஆர்எஃப் குழு கலைந்தது. இரண்டு மாதம் கழித்து, மார்ச்சில், இன்டெல் சென்ட்ரினோ மடிக்கணினிகளை அறிமுகப்படுத்தி வைஃபையை மடிக்கணினியின் பிரிக்க முடியாத உறுப்பாக்கிவிட்டது.

வீட்டுக்கு ஒன்று, அலுவலகத்துக்கு ஒன்று என்று பிரித்து வைத்தது ஹோம்ஆர்எஃப்பின் கணக்கு. ஒரே மடிக்கணினி இரண்டு இடத்துக்கும் போய்வரும் என்பது அந்தக் கணக்கில் இல்லை.

ஐரோப்பாவின் ஹைப்பர்லேன் என்ன ஆனது?

வைஃபை போன்ற வலையமைப்புக்கு ஐரோப்பா உருவாக்கிய ஹைப்பர்லேன், காகிதத்தில் அருமையான தரநிலை. முதல் பதிப்பு 1996, இரண்டாவது 2000. சிப் செய்து விற்க ஆளில்லை. இரண்டாவது பதிப்பின் வானொலிப் பகுதி, 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையான 802.11ஏயோடு பெரும்பாலும் ஒத்திருந்தது. சிப் செய்பவர்கள் வைஃபை பக்கம் போய்விட்டார்கள்.

இரண்டு அணிகள் ஒத்துப்போகாமல் இரண்டுமே தோற்ற கதை உண்டா?

உண்டு. அல்ட்ரா வைடுபேண்ட். கேபிள் இல்லாமல் குறுகிய தூரத்துக்கு நூற்றுக்கணக்கான மெகாபிட் அனுப்ப ஐஇஇஇயில் ஒரு குழு அமைந்தது. இன்டெல் பக்கம் ஒரு முறை, மோட்டரோலாவிலிருந்து பிரிந்த ஃப்ரீஸ்கேல் பக்கம் இன்னொரு முறை. 75 சதவீத வாக்கு யாருக்கும் கிடைக்கவில்லை. மூன்று ஆண்டு இழுத்து, 2006 ஜனவரியில் குழுவையே கலைத்தார்கள். அந்த இடைவெளியில் வைஃபையின் வேகம் ஏறிவிட்டது. அதே தொழில்நுட்பம் 2019இல் ஐபோன் 11க்குள் திரும்பி வந்தது, ஆனால் வேறு வேலைக்கு: தூரத்தையும் திசையையும் அளக்க. இன்று கார் கதவைத் திறக்கும் டிஜிட்டல் சாவியிலும் அது இருக்கிறது.

நிறுவனங்கள் வைஃபையை உடனே நம்பினவா?

இல்லை. முதல் பாதுகாப்பு முறையான வெப் (WEP) 2001இல் உடைந்தது. ஃப்ளூரர், மான்டின், ஷமீர் மூவரும் அதன் ஓட்டையை விளக்கி எழுதிய பிறகு, யார் வேண்டுமானாலும் உடைக்கக்கூடிய கருவிகள் வந்துவிட்டன. வங்கிகளும் மருத்துவமனைகளும் பின்வாங்கின. அதைவிட வலுவான பூட்டுகளாக 2003இல் டபிள்யூபிஏ, 2004இல் டபிள்யூபிஏ2 வந்தபின்தான் நம்பிக்கை திரும்பியது. அதற்குப் பிறகும் பழைய வெப்பை மாற்றாமல் வைத்திருந்தவர்கள் அடிபட்டார்கள். அமெரிக்காவின் டிஜேஎக்ஸ் கடைக் குழுமத்திலிருந்து 4.5 கோடிக்கு மேற்பட்ட அட்டை எண்கள் திருடுபோன செய்தி 2007இல் வெளியானது. திருடர்கள் உள்ளே நுழைந்த வழி ஒரு கடையின் பலவீனமான வைஃபை.

இன்னொரு தடை நிர்வாகம். வைஃபை சிக்னல் தரும் பெட்டிகளான ஆக்சஸ் பாயின்ட் நூறை ஒவ்வொன்றாகப் போய் அமைப்பது ஆகிற காரியமா? ஒரே இடத்திலிருந்து எல்லாவற்றையும் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலர்கள் வந்தபின்தான் பெரிய வளாகங்கள் துணிந்தன. அத்தகைய கன்ட்ரோலர் செய்த ஏர்ஸ்பேஸ் நிறுவனத்தை சிஸ்கோ 2005இல் 45 கோடி டாலருக்கு வாங்கியது அதனால்தான்.

வைமேக்ஸ் ஏன் தோற்றது? எல்லோரும் அதுதான் 4ஜி என்றார்களே!

ஊர் முழுக்கக் கம்பியில்லா இணையம் கொடுக்க வந்த வைமேக்ஸ் நேரத்தில் முந்தியது. நகரும் வாகனத்திலும் ஓடக்கூடிய 802.16இ தரநிலை 2005 இறுதியிலேயே தயார். 2006இல் அமெரிக்காவின் ஸ்பிரின்ட் அதைத் தேர்ந்தெடுத்தது. 2008 செப்டம்பரில் பால்டிமோரில் சேவை தொடங்கியது. இன்டெல், கூகுள், காம்காஸ்ட் எல்லாம் வைமேக்ஸ் சேவை நிறுவனமான கிளியர்வயரில் பணம் போட்டன. எதிரியான எல்டிஇயின் முதல் வணிகச் சேவை 2009 டிசம்பரில்தான் ஸ்டாக்ஹோமிலும் ஆஸ்லோவிலும் வந்தது.

உள்ளே பார்த்தால் இரண்டும் அண்ணன் தம்பி. இரண்டுமே ஓஎஃப்டிஎம் என்ற அதே பகிர்வு முறையை நம்பியவை. வேகத்திலும் பெரிய வித்தியாசம் சொல்ல முடியாது. வித்தியாசம் வாடிக்கையாளர்களில் இருந்தது. உலகின் பெரும்பாலான மொபைல் நிறுவனங்களிடம் ஜிஎஸ்எம்மும் 3ஜியும் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தன. அவர்களுக்கு எல்டிஇ அடுத்த படி. பழைய சிம், பழைய கணக்கு முறை, பழைய ரோமிங் ஒப்பந்தம் எல்லாவற்றோடும் கைகோத்துப் போகும். வைமேக்ஸ் புதிதாக நுழைபவரின் கருவி. 2007 நவம்பரில், அதுவரை ஜிஎஸ்எம்முக்குப் போட்டியான சிடிஎம்ஏ அணியில் இருந்த அமெரிக்காவின் வெரைசனே எல்டிஇயைத் தேர்ந்தெடுத்ததும் கதை ஏறக்குறைய முடிந்தது. ஒரு ஆண்டு கழித்து, கைபேசி சிப் செய்யும் குவால்காம் தன் சொந்த 4ஜி முயற்சியான யூஎம்பியைக் கைவிட்டது. கைபேசி செய்பவர் எந்த சிப்பைப் போடுவார்? எதற்கு அதிகம் பேர் இருக்கிறார்களோ அதை. ஐபோனில் வைமேக்ஸ் ஒருநாளும் வரவில்லை; 2012இல் எல்டிஇ வந்தது.

இந்தியாவில் இந்தப் போட்டி ஏலத்திலேயே தீர்ந்தது. 2010இல் 2.3 கிகாஹெர்ட்ஸ் அலைக்கற்றையை, எந்தத் தொழில்நுட்பத்துக்கும் பயன்படுத்தலாம் என்று ஏலம் விட்டார்கள். பலரும் அதை வைமேக்ஸுக்கான ஏலமாகவே பார்த்தார்கள். குவால்காம் தானே இறங்கி டெல்லி, மும்பை, கேரளா, ஹரியானா நான்கையும் எடுத்தது. நோக்கம், அந்த இடத்தில் எல்டிஇயின் ஒரு வகையான டிடி-எல்டிஇ வர வேண்டும் என்பது. நாட்டின் 22 தொலைத்தொடர்பு வட்டங்களையும் வென்ற ஒரே நிறுவனம் இன்ஃபோடெல். அன்றைக்கே அதை ரிலையன்ஸ் வாங்கியது. அதுதான் பிறகு ஜியோ. 2012 ஏப்ரலில் ஏர்டெல் கொல்கத்தாவில் டிடி-எல்டிஇயைத் தொடங்கியபோது வைமேக்ஸுக்குப் பேச ஆளில்லை. இலங்கையிலும் டயலாக் வைமேக்ஸில் தொடங்கி, பிறகு எல்டிஇக்கு மாறியது.

சென்னையிலேயே ஒரு கம்பியில்லாத் தொழில்நுட்பம் உருவானதாமே?

கார்டெக்ட். ஐஐடி மெட்ராஸில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் டெநெட் குழுவும், அதிலிருந்து கிளைத்த மிடாஸ் நிறுவனமும், அமெரிக்காவின் அனலாக் டிவைசஸும் சேர்ந்து 1990களில் உருவாக்கியது. கம்பியில்லா வீட்டுத் தொலைபேசிக்கான ஐரோப்பாவின் டெக்ட் தரநிலையை அடிப்படையாக வைத்து, தெருவில் செம்புக் கம்பி இழுக்காமலே வீட்டுக்குத் தொலைபேசியும் இணையமும் ஒரே சமயத்தில் கொடுத்தது. பேசிக்கொண்டிருக்கும்போதே 35 கிலோபிட் இணையம் கிடைப்பது அன்றைக்குச் சின்ன விஷயம் இல்லை. என்-லாக் நிறுவனம் இதை வைத்துத் தமிழ்நாட்டுக் கிராமங்களில் இணைய மையங்கள் நடத்தியது.

ஓரிடத்தில் நிலையாக இருக்கும் தொலைபேசிக்கென்று கட்டப்பட்டது அது. சிடிஎம்ஏயும் ஜிஎஸ்எம்மும் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போகிற பேசியைக் கொடுத்தன. விலையும் விழுந்துகொண்டே வந்தது. கார்டெக்ட் நின்றுபோனது. ஆனாலும் நம் ஊருக்கு எது தேவை, எந்த விலையில் தேவை என்று கணக்குப் போட்டுத் தொடங்கிய அந்த அணுகுமுறைமேல் எனக்குப் பெரிய மதிப்பு உண்டு.

எல்டிஇ-யூ தகராறு என்பது என்ன?

மொபைல் நிறுவனங்கள் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை இடத்திலேயே எல்டிஇயை ஓட்ட விரும்பின. 2014இல் குவால்காம், வெரைசன், எரிக்சன் போன்றவை சேர்ந்து எல்டிஇ-யூ மன்றத்தை அமைத்தன. வைஃபை போலக் கேட்டுவிட்டுப் பேசுவதற்குப் பதில், எல்டிஇ-யூ கொஞ்ச நேரம் பேசும், கொஞ்ச நேரம் அணைந்திருக்கும். அணைந்திருக்கும் நேரத்தில் வைஃபை பேசிக்கொள்ளலாம். எவ்வளவு நேரம் விடுவது என்பதை முடிவு செய்வது எல்டிஇதான். வைஃபை அணிக்கு அதுதான் பொறுக்கவில்லை. மொபைல் அணி திருப்பிக் கேட்டது: நீங்கள் மட்டும் மற்ற சிக்னலுக்கு மைனஸ் 62 வரை ஒதுங்காமல் இருக்கலாமா?

கடைசியில் 2016இல் வைஃபை அலையன்ஸ் ஒரு பொதுச் சோதனைத் திட்டத்தை வெளியிட்டது; 2017 பிப்ரவரியில் எஃப்சிசி முதல் கருவிகளுக்கு அனுமதி கொடுத்தது. ஆனால் ஐரோப்பாவிலும் ஜப்பானிலும் கேட்டுவிட்டுப் பேசுவது சட்டம் என்பதால் அங்கே எல்டிஇ-யூ போகவே முடியாது. கேட்டுப் பேசும் எல்ஏஏ என்ற முறையை, மொபைல் தரநிலைகளை வகுக்கும் 3ஜிபிபி அமைப்பு தரப்படுத்தியது, எல்டிஇ-யூ ஒதுங்கியது. அந்த வழக்கமே 5ஜியின் உரிமமில்லாப் பதிப்புக்கும் அடிப்படையாகிவிட்டது.

ஆலைக்குப் பிரைவேட் 5ஜி போடலாமா, வைஃபை போதுமா?

பிரைவேட் 5ஜி என்றால் ஒரு ஆலைக்கோ வளாகத்துக்கோ மட்டும் தனியாக அமைக்கும் 5ஜி வலையமைப்பு. இந்தக் கேள்விக்கு ஒரே பதில் சொல்பவரிடம் கொஞ்சம் எச்சரிக்கையாக இருங்கள்.

முதலில் நகர்வு. வைஃபையில் ஒரு ஆக்சஸ் பாயின்ட்டிலிருந்து அடுத்ததற்கு எப்போது மாறுவது என்று முடிவு செய்வது கருவி. சில ஸ்கேனர்கள் செத்துக்கொண்டிருக்கும் சிக்னலையே பிடித்துத் தொங்கும். 802.11ஆர், கே, வி போன்ற சேர்க்கைகள் உதவும்; கருவியும் அவற்றை ஆதரித்தால்தான். 5ஜியில் மாற்றத்தை வலையமைப்பே நடத்துகிறது. தானே ஓடும் வண்டிகள் நூற்றுக்கணக்கான மீட்டர் ஓடும் ஆலை, துறைமுகம், திறந்தவெளிச் சுரங்கம் போன்ற இடங்களில் இது பெரிய வித்தியாசம். பரப்பு பெரியது என்றால் 5ஜிக்குக் கம்பங்களும் குறைவாகவே தேவைப்படும்.

அடுத்தது அலைக்கற்றை. ஜெர்மனி 3.7 முதல் 3.8 கிகாஹெர்ட்ஸ் வரை 100 மெகாஹெர்ட்ஸை ஆலைகளுக்கென்றே ஒதுக்கி, 2019 நவம்பரிலிருந்து நேரடியாக விண்ணப்பம் வாங்குகிறது. கட்டணச் சூத்திரமும் வெளிப்படை: ஒரு சதுர கிலோமீட்டர் தொழிற்பேட்டைக்கு, முழு 100 மெகாஹெர்ட்ஸுக்கு, 10 ஆண்டுக்கு 31,000 யூரோ. அமெரிக்காவில் சிபிஆர்எஸ் என்று 150 மெகாஹெர்ட்ஸ் மூன்று அடுக்காகப் பகிரப்படுகிறது: கடற்படை ரேடார் முதலில், ஏலத்தில் உரிமம் எடுத்தவர் அடுத்து, மீதி எல்லோருக்கும். யாருக்கு எப்போது இடம் என்பதை ஒரு கணினி அமைப்பு பிரித்துக் கொடுக்கிறது. டிராக்டர் செய்யும் ஜான் டீயர் 2020 ஏலத்தில் தன் ஆலைகள் இருக்கும் சில மாவட்டங்களுக்கு உரிமம் வாங்கியது.

இந்தியாவில் 2022 ஜூனில் தனி வலையமைப்புக்கான வழிகாட்டுதல்கள் வந்தன. மொபைல் நிறுவனம் கட்டிக் கொடுக்கலாம், அதனிடம் அலைக்கற்றையைக் குத்தகைக்கு எடுக்கலாம் என்பதெல்லாம் அதில் உண்டு. அரசு ஆலைகளுக்கு நேரடியாக ஒதுக்குவது பற்றித்தான் இழுபறி. மொபைல் நிறுவனங்கள் அதைக் கடுமையாக எதிர்த்தன. அதனால் இங்கே நடைமுறையில் கிடைப்பது பெரும்பாலும் மொபைல் நிறுவனத்தோடு சேர்ந்த ஏற்பாடு. சாக்கனில் மஹிந்திரா ஆலையில் 2022இல் ஏர்டெல்லும் டெக் மஹிந்திராவும் அமைத்தது அப்படித்தான்; வண்டிகளில் மென்பொருள் ஏற்றும் வேலையை அது வேகப்படுத்தியதாகச் சொன்னார்கள்.

மூன்றாவது, கருவி. உங்கள் ஸ்கேனர், டேப்லெட், பிரின்டர், கேமரா இவற்றில் எத்தனைக்குள் 5ஜி இருக்கிறது? பெரும்பாலான ஆலைகளில் வைஃபை எல்லாவற்றிலும் இருக்கும், 5ஜி ஒரு சிலவற்றில். அதனால் நான் பார்த்தவரை நியாயமான முடிவு, நகரும் வண்டிகளுக்கும் திறந்தவெளிக்கும் 5ஜி, மற்ற எல்லாவற்றுக்கும் வைஃபை.

6 கிகாஹெர்ட்ஸ் வைஃபை பற்றிப் பேசுகிறார்களே, இந்தியாவில் என்ன நிலை?

அமெரிக்கா 2020இல் 1,200 மெகாஹெர்ட்ஸைத் திறந்தது. ஐரோப்பா 2021இல் அதன் கீழ்ப்பகுதியில் 480 மெகாஹெர்ட்ஸை மட்டும் கொடுத்தது. மேல்பகுதி மொபைலுக்கு வேண்டும் என்று ஒரு தரப்பு, வைஃபைக்கே வேண்டும் என்று இன்னொரு தரப்பு. இந்தியா 2025 மே மாதம் 5925 முதல் 6425 வரை 500 மெகாஹெர்ட்ஸுக்கு வரைவு விதிகளை வெளியிட்டது: கட்டடத்துக்குள் குறைந்த திறன், வெளியே மிகக் குறைந்த திறன், எண்ணெய்த் துரப்பண மேடைகளில் தடை. இந்த அனுமதி இல்லாததால்தான் 2024இல் சோனி தன் பிளேஸ்டேஷன் 5 புரோவை இந்தியாவுக்குக் கொண்டுவரவில்லை.

வைஃபை 7 ஆக்சஸ் பாயின்ட் வாங்குகிறவர்கள், அந்தக் குறிப்பிட்ட மாடலின் 6 கிகாஹெர்ட்ஸ் பகுதிக்கு இந்திய ஒப்புதல் இருக்கிறதா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வெளிநாட்டுப் பதிப்பின் விவரத்தாளைக் காட்டி விற்பவர்கள் உண்டு.

தண்ணீர் மீட்டர், மண் ஈரமானி போன்றவற்றுக்கு லோராவா, என்பி-ஐஓடியா?

இரண்டுமே சிறு சென்சார்கள் குறைந்த மின்சக்தியில் தொலைவுக்குச் செய்தி அனுப்பும் வழிகள். அதே வேலைக்கு வந்த சிக்ஃபாக்ஸின் கதையை முதலில் கேளுங்கள். பிரான்சின் துலூஸ் பக்கம் 2009இல் தொடங்கிய நிறுவனம். ஒரு செய்திக்கு 12 பைட், நாளுக்கு 140 செய்தி. பேட்டரி பல ஆண்டு வரும். நல்ல வடிவமைப்புதான். ஆனால் ஒவ்வொரு நாட்டிலும் வலையமைப்பு அந்த ஒரே நிறுவனத்தின் ஏற்பாட்டில்தான் ஓட வேண்டும். 2022 ஜனவரியில் நிறுவனம் திவால் நடவடிக்கைக்குப் போனது; சில மாதங்களில் சிங்கப்பூரின் யூனாபிஸ் வாங்கியது. நடுவில் சென்சார்களை நட்டு வைத்தவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டியதாயிற்று.

லோராவில், சென்சார்களின் செய்தியை வாங்கி இணையத்துக்கு அனுப்பும் கேட்வேயை நீங்களே வைத்துக்கொள்ளலாம். இந்தியாவில் 865 மெகாஹெர்ட்ஸ் பக்கம் உரிமம் வேண்டாம். சிப் பெரும்பாலும் செம்டெக் என்ற ஒரு நிறுவனத்திடமிருந்தே வருகிறது என்பது அதன் பலவீனம். என்பி-ஐஓடி மொபைல் நிறுவனத்தின் கோபுரத்தில் ஓடும், நீங்கள் எதையும் நட வேண்டாம். ஆனால் அவர்கள் நிறுத்தினால் நின்றுவிடும்: ஜப்பானின் டோகோமோ 2020இல் நிறுத்தியது, அமெரிக்காவின் ஏடிஅண்டுடி 2025இல். ஒரே வளாகம் அல்லது ஒரே தோட்டம் என்றால் லோரா. ஊர் முழுக்கச் சிதறிக் கிடக்கும் மீட்டர்கள் என்றால் என்பி-ஐஓடி; ஒப்பந்தத்தில் எத்தனை ஆண்டு சேவை என்று எழுதி வாங்கிக்கொண்டு.

சரி, எங்கள் குடோனுக்கு என்ன செய்வது?

கருவிப் பட்டியலிலிருந்து தொடங்குங்கள், ஆக்சஸ் பாயின்ட் விளம்பரத்திலிருந்து வேண்டாம். எந்தக் கருவியில் எந்த வானொலி, அது 5 கிகாஹெர்ட்ஸ் பிடிக்குமா, எத்தனை ஆண்டு பயன்படுத்தப் போகிறீர்கள்?

சிக்னல் அளப்பதைச் சரக்கு நிறைந்த நாளில் செய்யச் சொல்லுங்கள். காலி ராக்கில் அருமையாக இருந்த சிக்னல், தண்ணீர் பாட்டிலோ எண்ணெய் டின்னோ அடுக்கியபின் காணாமல் போகும். 2.4இல் சேனல் அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸில் வைத்து 1, 6, 11 மட்டும் பயன்படுத்துங்கள். 5 கிகாஹெர்ட்ஸின் நடுப்பகுதிச் சேனல்களில் ரேடார் தென்பட்டால் ஆக்சஸ் பாயின்ட் சட்டப்படி இடத்தைக் காலி செய்ய வேண்டும். விமான நிலையம், துறைமுகம், வானிலை ரேடார் அருகில் இருப்பவர்கள் நிற்கக்கூடாத வேலையை அந்தச் சேனல்களில் வைக்க வேண்டாம். பணம் கொடுப்பதற்குமுன், உங்கள் ஸ்கேனரைக் கையில் பிடித்துக்கொண்டு குடோனின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை, விற்பவரையும் கூட்டிக்கொண்டு நடந்து பாருங்கள்.

மைக்ரோவேவ் அடுப்பு உண்மையிலேயே வைஃபையைக் கெடுக்குமா?

கெடுக்கும். 2.45 கிகாஹெர்ட்ஸில் ஓடுகிறது. கசிவு உடலுக்குத் தீங்கில்லாத அளவாக இருந்தாலும் வைஃபைக்கு அதிகம். மதிய உணவு நேரத்தில் மட்டும் வைஃபை திணறுகிறது என்று புகார் வந்தால் முதலில் பான்ட்ரியைப் பாருங்கள். அந்தப் பகுதிக் கருவிகளை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றினால் போதும்.